தவக்காலமும் அம்மன் திருவிழாவும்: ஒரு கீபோர்டுக்காரன் செட்டிநாட்டு டைரி

வியாழன் ராத்திரி, காரைக்குடி

திருச்சி பாலக்கரையில வேன் ஏறும்போதே மணி நாலு ஆயிருச்சு, மூணுக்குக் கிளம்பணும்னு ட்ரூப் மாஸ்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு, ஆனா நம்ம பேஸ் கிடார் தம்பிக்கு மட்டும் மூணு மணிங்கிறது எப்பவும் நாலு மணிதான். புதுக்கோட்டை தாண்டி திருமயம் கோட்டை ரோட்டோரமா தெரியுற இடத்துல டீக்கு நிறுத்தினோம். அங்க இருந்து காரைக்குடி வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் செம்மண்ணு, முந்திரி, தைல மரம், நடுநடுவுல பெரிய பெரிய ஊரணி. எத்தனை தடவை வந்தாலும் எனக்கு இந்த ரோடு பிடிக்கும்.

திங்கட்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம்தான் வேலை. நாளைக்கு ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழா, சனிக்கிழமை கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுல அறுபதாம் கல்யாணம், ஞாயித்துக்கிழமை ராத்திரி தேவகோட்டை பக்கம் இன்னொரு திருவிழா.

நான் கீபோர்டு வாசிக்கிறவன். ஞாயித்துக்கிழமை காலையில எங்க கத்தோலிக்கப் பங்குக் கோயில்ல பாடகர் குழுவுக்கு வாசிப்பேன், மத்த நாள்ல கூப்பிடுற எடத்துல வாசிப்பேன். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம் வர்றதும் இந்தப் பக்கம் மாசி பங்குனித் திருவிழா வர்றதும் வருஷா வருஷம் ஒண்ணாத்தான் வரும். தவக்காலம் ஆரம்பிக்கிற திருநீற்றுப் புதனுக்கு அப்புறம் கோயில்ல இசைக்கருவியெல்லாம் பாட்டுக்குத் துணையா மட்டும்தான் வாசிக்கணும், பூசை முடிஞ்சு ஜனங்க வெளியே போகும்போது தனியா ஒரு பிட்டு வாசிக்கிறது, காணிக்கை நேரத்துல இழுத்து வாசிக்கிறது எல்லாம் கிடையாது, அல்லேலூயா கிடையாது, 'உன்னதங்களிலே'ங்கிற புகழ்ப் பாட்டு கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில உன்னதங்களிலே பாடி முடிச்ச உடனே கீபோர்டை மூடினா, எங்க கோயில்ல ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரி வரைக்கும் திறக்கவே மாட்டோம், மணிக்குப் பதிலா மரக்கட்டையைத்தான் தட்டுவாங்க. அப்படி எங்க கோயில்ல கீபோர்டு அடங்கி இருக்கிற இந்த நாப்பது நாள்லதான் செட்டிநாட்டுல ஒவ்வொரு ஊர்லயும் காப்புக் கட்டி, ஒலிபெருக்கி கட்டி, எங்களைக் கூப்பிடுவாங்க. மே மாசத்து ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இந்த நாப்பது நாள்லதான் சம்பாதிக்கணும்.

பங்குக்கமிட்டி பெரியவர் ஒருத்தர் போன வாரம் கேட்டாரு, ஏம்ப்பா தவக்காலத்துல போயி அம்மன் பாட்டு வாசிக்கிறியேன்னு. அவர் அரசாங்க உத்தியோகத்துல இருந்து பென்ஷன் வாங்குறவரு. நான் சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்.

ராத்திரி சாப்பாடு ஒரு மெஸ்ல. நான் தவக்காலம் முழுக்க கறி மீன் தொடுறதில்ல, வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். எதிர்ல மாஸ்டரு நாட்டுக்கோழி வறுவல், பாடகி அக்கா சுக்கா, தபேலா அண்ணன் நண்டு. எனக்கு ரெண்டு இட்லி, வெங்காயச் சட்னி. செட்டிநாட்டு மெஸ்ல உக்காந்து இட்லி சாப்பிடுறதை விடப் பெரிய ஒறுத்தல் எந்தப் பங்குச் சாமியாரும் குடுக்க முடியாது. தபேலா அண்ணன் நண்டுக் காலை உடைச்சுக்கிட்டே "உனக்காகவும் சேத்து நான் ஜெபம் பண்றேன்டா"ன்னாரு.

என் பொண்ணு பாப்பா போன் பண்ணினா. இந்த ஞாயித்துக்கிழமை அவ முதல் தடவையா பூசையில பதிலுரைப் பாடல் பாடப் போறா. இது தவக்காலத்து நாலாவது ஞாயிறு, சாமியார் ரோஸ் கலர்ல உடுத்திக்கிட்டு வர்ற நாளு, அன்னிக்கு மட்டும் இசைக்கருவி தாராளமா வாசிக்கலாம். நாப்பது நாள்ல கையை அவுத்து விடுற ஒரே ஞாயிறு. அன்னிக்கு நான் இங்க.

வெள்ளி, அரியக்குடி போயிட்டு வந்து

காலையில சவுண்ட் செட்டுக்காரர் மத்தியானம்தான் வருவேன்னுட்டாரு, அதனால நானும் புல்லாங்குழல் வாசிக்கிற தம்பியும் ஒரு டூவீலர் இரவல் வாங்கி அரியக்குடி போனோம். காரைக்குடியில இருந்து கொஞ்ச தூரம்தான். குத்துவிளக்குக்குப் பேர் போன ஊரு, பித்தளை அடிக்கிற சத்தம் தெருவுல கேட்டுச்சு. திருவேங்கடமுடையான் கோயில் கோபுரத்தைப் பாத்துக்கிட்டு வெளியே நிழல்ல நின்னோம்.

தம்பிக்கு நான் சொன்னேன், இன்னிக்கு சபாவுல கச்சேரின்னு நீ எதைக் கேக்குறியோ அந்த வரிசை இந்த ஊர்க்காரர் போட்டதுடான்னு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், 1890ல பிறந்து 1967ல காலமானவரு. முதல்ல ஒரு வர்ணம், அப்புறம் விறுவிறுன்னு சின்னச் சின்னக் கீர்த்தனை, அப்புறம் பெருசா ஒண்ணு, தனி ஆவர்த்தனம், கடைசியில துக்கடான்னு ரெண்டரை மூணு மணி நேரத்துக்குள்ள ஜனங்க எந்திரிக்காத மாதிரி அடுக்குனவரு. அதுக்கு முன்னாடி ஒரு ராகத்தையே பிடிச்சுக்கிட்டு மணிக்கணக்காப் பாடுவாங்க. தம்பி கேட்டான், "அப்ப நம்ம ட்ரூப்புல பிள்ளையார் பாட்டு, முருகன் பாட்டு, அம்மன் பாட்டு, எம்ஜிஆர், சிவாஜி, இளையராஜா, கடைசியில குத்துப் பாட்டுன்னு வர்ற வரிசையை யார் போட்டதுண்ணே?" பதில் தெரியல. ஆனா அதையும் எவனாவது ஒருத்தன் ஜனங்க எந்திரிச்சுப் போறதைப் பாத்துப் பாத்துத்தான் போட்டிருப்பான்.

இந்தச் சுத்துவட்டாரத்து மண்ணு எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் அரியக்குடி, நடுவுல காரைக்குடியில வீணை வாசிச்ச சகோதரர்கள், மிருதங்கம் காரைக்குடி மணி, அந்தப் பக்கம் குன்றக்குடியில வயலின் வைத்தியநாதன். குன்னக்குடி வைத்தியநாதன் 1935ல அங்க பிறந்தவரு. நெத்தி நிறைய விபூதியும் பெரிய குங்குமமுமா வந்து உக்காந்து வயலின்ல சினிமாப் பாட்டையும் வாசிப்பாரு, தவிலைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டும் வாசிப்பாரு. சாஸ்திரம் பேசுறவங்க முகம் சுளிச்சாங்க, ஜனங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. எங்களை மாதிரி மேடைக்காரங்களுக்கு அவர் மேல ஒரு தனிப் பிரியம் உண்டு.

வெள்ளி ராத்திரி, அதே லாட்ஜ்

ஊருக்குள்ள போனப்ப வெயில் மண்டையைப் பிளந்துச்சு. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், மஞ்சள் தண்ணி. மத்தியானச் சாப்பாடு ஊர்க்காரங்க வீட்டுல போட்டாங்க. ஊரே காப்புக் கட்டியிருக்கு, திருவிழா முடியிற வரைக்கும் எந்த வீட்டு அடுப்புலயும் கறி ஏறாது. சாம்பார், வெண்டைக்காய் மண்டி, அப்பளம், மோர். எங்க ஆளுங்க மூஞ்சியைப் பாக்கணுமே. நேத்து நண்டைக் காட்டிக் காட்டிச் சாப்பிட்ட தபேலா அண்ணன் இலையையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் ஒருசந்தின்னு ஒரு வேளைச் சாப்பாட்டை இதோட வச்சுக்கிட்டேன்.

பக்கத்துல விழாக்கமிட்டிப் பெரியவர், மஞ்ச வேட்டி, கையில காப்பு. ஏன் தம்பி ராத்திரிக்கு வேண்டாங்கிறீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். "அட, நீங்க வேதக்காரங்களா? ஒங்களுக்கும் விரதம் நாப்பது நாளா? எங்களுக்குப் பத்து நாளுக்கே நாக்கு செத்துப் போச்சு தம்பி"ன்னாரு. அப்புறம் மெதுவா, "நெத்தியில சாம்பல் பூசித்தான் ஆரம்பிப்பாங்களாமே"ன்னாரு. ஆமாங்கய்யா, போன வருஷத்துக் குருத்தோலையை எரிச்ச சாம்பல்னேன். அது அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, எந்திரிச்சுப் போயி இன்னொருத்தர்கிட்ட அதைச் சொல்லிட்டு வந்தாரு.

மேடை விஷயம் இருக்கே, அதைச் சொல்லியே ஆகணும். கிராமத்து மேடையில கீபோர்டுக்காரனுக்கு முதல் எதிரி கரெண்டு. ஊரெல்லாம் சீரியல் செட்டு எரியுது, ராட்டினம் சுத்துது, எல்லாம் ஒரே லைன்ல, பாதிப் பாட்டுல வோல்டேஜ் இறங்கி கீபோர்டு ஆஃப் ஆகித் திரும்ப ஆன் ஆகும், அது ஆன் ஆகி வர்ற அந்தக் கொஞ்ச நேரத்துல பாடகர் தனியா நின்னு முழிப்பாரு. அதனால நான் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒண்ணு கையோட கொண்டு போறேன். எர்த்து சரியில்லைன்னா ஸ்பீக்கர்ல "ங்ங்ங்"னு ஒரு இரைச்சல் நிக்கும், இன்னிக்கு அது சரியா அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு, முதல் மூணு பாட்டு அந்த இரைச்சலோட சண்டை போட்டுக்கிட்டேதான் போச்சு. பாடகி அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கி ட்ரான்ஸ்போஸ் போட்டு வச்சேன்.

எட்டரை மணிக்கு அம்மன் பாட்டு. சினிமாவுல கேக்குறப்ப அஞ்சு நிமிஷப் பாட்டு. இங்க அது எப்ப முடியும்னு நாங்க முடிவு பண்றதில்ல. ரிதம் பேடுல பம்பை, உடுக்கை சத்தம் விழ ஆரம்பிச்ச உடனே முன்வரிசையில ஒரு அம்மாவுக்கு அருள் வந்துருச்சு, அப்புறம் பின்னாடி ரெண்டு பேரு, அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு. இந்த நேரத்துல தாளத்தைப் பட்டுன்னு நிறுத்தக் கூடாது, வேகத்தையும் திடீர்னு ஏத்தக் கூடாது. இடது கை சட்ஜமும் பஞ்சமும் பிடிச்சுக்கிட்டு நிக்கும், வலது கை அதே நாலு ஸ்வரத்தைச் சுத்திச் சுத்தி வரும், கண்ணு மட்டும் பூசாரி கையில இருக்கும். அவர் வேப்பிலையை எடுத்து ஒவ்வொருத்தரா தண்ணி தெளிச்சு, திருநீறு போட்டு இறக்கிக்கிட்டே வருவாரு. கடைசி ஆளுக்குப் போட்டுட்டு எங்களைப் பாத்து உள்ளங்கையைக் கீழ காட்டினாருன்னா அப்பத்தான் மெதுவா இறங்கணும். இருபது நிமிஷத்துக்கு மேல போச்சு. சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சு.

இதைத்தான் பங்குக்கமிட்டிப் பெரியவர்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். வாசிக்கிறவன் அந்த நேரத்துல அரைமனசா இருந்தான்னா அந்தப் பொண்ணு கீழ விழுந்து மண்டையை உடைச்சுக்கும். என் விசுவாசம் என்கூட இருக்கு, எங்கயும் போயிடல. அந்த அம்மாவோட விசுவாசம் என் விரல்ல இருக்கு அந்த இருபது நிமிஷத்துக்கு. அதை ஒழுங்காப் பிடிச்சு ஒழுங்கா இறக்கி வைக்கிறது என் வேலை. பூசாரி எங்களுக்கும் திருநீறு கொண்டு வந்தாரு, நான் கையில வாங்கிக்கிட்டேன். வாங்கமாட்டேன்னு சொல்ற ஆளும் எங்க கூட்டத்துல உண்டு, நெத்தி நிறையப் பூசிக்கிற ஆளும் உண்டு, அவங்கவங்க மனசு.

பத்து மணிக்கு போலீஸ்காரர் வந்து கடிகாரத்தைக் காட்டினாரு, நிறுத்தியாச்சு. பேமெண்ட்ல ரெண்டாயிரம் குறைச்சுக் குடுத்தாங்க, வசூல் கம்மியாம். மேடையில வந்து கையில நோட்டை ஆட்டி ஆட்டிப் பாட்டுக் கேட்டவங்க யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், சரி விடுங்க. குறைஞ்ச காசு பேட்டாவுலதான் கழியும், மாஸ்டர் கையில இருந்து போகாது.

எட்டு மணிக்கு வீட்டுல குடும்ப செபம், நான் அப்ப மேடையில. பொண்டாட்டி செபமாலை சொல்லி முடிச்சுட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா, பின்னாடி பாப்பா பாட்டைப் பாடிப் பாக்குறா, ரெண்டாவது வரியில மூச்சு பத்தல. வரியை ரெண்டாப் பிரிச்சுப் பாடச் சொல்லுன்னு பதில் போட்டேன்.

சனி, கானாடுகாத்தான் பக்கம்

இன்னிக்குத்தான் எழுதணும்னு ஆசையா இருந்தேன்.

வீடுன்னா ஒரு தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல வெளியே வர்ற வீடு. வாசல்ல இருந்து பாத்தா முகப்பு, பட்டாலைங்கிற கூடம், வளவுங்கிற நடு முற்றம், ரெண்டாம் கட்டுன்னு கதவுக்குப் பின்னாடி கதவா நேரா கடைசி வரைக்கும் தெரியுது. பர்மாத் தேக்குத் தூணை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சாலும் விரல் தொடாது. சுவரு முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசினதுன்னு சொன்னாங்க, கையை வச்சா ஜில்லுன்னு கண்ணாடி மாதிரி இருக்கு. தரை ஆத்தங்குடிக் கல்லு. அது சூளையில சுடுற கல்லு இல்லியாம், கண்ணாடித் தகட்டு மேல கலர் சிமெண்டை ஊத்தி, மேல மண்ணும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வச்சு, காய வச்சு எடுக்கிறது. கண்ணாடி மேல படுத்ததாலதான் அந்தப் பளபளப்பு.

இந்த வீட்டுல தெனமும் குடியிருக்கிறவங்கன்னு பாத்தா ஒரு வயசான வாட்ச்மேனும் அவர் சம்சாரமும்தான். பங்காளிங்க பல புள்ளி, அதாவது பல குடும்பம், ஒவ்வொரு புள்ளிக்கும் வளவுல ஒரு ரூம் பங்கு, அதனால விக்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோர்களுக்குப் படைப்புன்னா சென்னை, சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து எல்லாரும் வந்து பூட்டைத் திறப்பாங்க.

எனக்கு அங்க பெரிய பாடமே சத்தம்தான். பட்டாலையில செட் பண்ணி முதல் கார்டு அமுக்கினேன், சத்தம் போயி எங்கெங்கயோ சுத்திட்டு நிதானமா திரும்பி வருது. கல்லுத் தரை, வழவழ சுவரு, உசந்த கூரை, எல்லாமே சத்தத்தைத் தள்ளி விடுது, குடிக்கிறதுக்கு ஒரு துணி, ஒரு மெத்தை கிடையாது. கீபோர்டுல இருந்த ரிவெர்ப்ங்கிற எதிரொலி எல்லாத்தையும் ஜீரோவுக்கு இறக்கினேன், அப்பவும் ஜாஸ்தி. அப்புறம் எல்லாத்தையும் தூக்கிட்டு வளவு ஓரத்துக்கு வந்தோம். அங்க நடுவுல வானம் திறந்து கிடக்குறதால சத்தம் மேல போயிருது, தூண் வரிசை மிச்சத்தை உடைச்சு விடுது. பேடு வேண்டாம், தபேலா மட்டும் போதும்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. புல்லாங்குழல் மைக்கே இல்லாம ரெண்டாம் கட்டு வரைக்கும் கேட்டுச்சு, அங்க சமையக்கட்டுல பணியாரம் ஊத்திக்கிட்டிருந்த ஆச்சிமாருங்க எந்திரிச்சு வந்து பாத்தாங்க.

நாயனக்காரங்க எங்களுக்கு முன்னாடியே வந்திருந்தாங்க, தஞ்சாவூர்ப் பக்கம். எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே ரூம். பெரிய நாயனம் வாசிக்கிற அண்ணன், நாயனத்து நுனியில வச்சு ஊதுற சீவாளியை வாயில ஊற வச்சுக்கிட்டே பேசுறாரு, பாதி வார்த்தை புரியல. எடுத்துட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாரு, ஓரத்தை லேசா நகத்தால தடவுறாரு, வேண்டாம்னு போட்டுட்டு அடுத்தது. கயித்துல ஏழெட்டு சீவாளி தொங்குது. நாணல்ல பண்றது, பனிக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி பேசும், நேத்து நல்லாப் பேசுனது இன்னிக்குப் பேசாதுங்கிறாரு. எனக்கு யூபிஎஸ், அவருக்கு சீவாளி.

"தம்பி எந்த ஊரு, கோயில் எது"ன்னாரு. சொன்னேன். "மாதா சப்பரத்துக்கு நான் வருஷா வருஷம் வாசிக்கிறேனே, எங்க ஊர்ப் பக்கம். மாதாவுக்கும் மல்லாரி வாசிச்சுத்தான் கிளப்புவேன், சாமி புறப்பாடுன்னா மல்லாரி இல்லாம எப்படி"ன்னாரு. அவர் தாத்தா காலத்துல இருந்து ஒரு கோயில்ல மேளம். ஆனா கோயில் சம்பளத்துல அரிசி வாங்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் வாங்க முடியாது. அதுவும் இப்ப நிறையக் கோயில்ல சுவிட்சைப் போட்டா மணியும் மேளமும் தானா அடிக்கிற மிஷினு வந்துருச்சு. கல்யாண ஊர்வலத்துக்குக் கேரளா செண்டை மேளம்தான் வேணும்ங்கிறாங்க, வீடியோவுக்கு நல்லா இருக்காம். "முகூர்த்த நாள்ல கோயிலுக்கு யாரை விட்டுட்டு வர்றதுங்கிறதுதான் தம்பி என் வாழ்க்கை பூரா. இன்னிக்கு என் தம்பி பையனை உக்கார வச்சுட்டு வந்தேன், அவனுக்கு இன்னும் பூபாள ராகமே நிக்கல"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. எங்க கோயில்ல நாளைக்கு என் எடத்துல உக்காரப் போற காலேஜ் பையனுக்கும் பாட்டு தெரியும், ஆனா பட்டன் மேல கை போயிரும், எதைக் கண்டாலும் ஒரு பீட்டைப் போட்டுருவான்.

பேச்சு ஸ்ரீரங்கத்துப் பக்கம் போச்சு. ஷேக் சின்ன மௌலானா, ஆந்திராவுல பிறந்து ஸ்ரீரங்கத்துல வந்து குடியிருந்து நாயனம் வாசிச்சவரு, 1998ல சங்கீத கலாநிதி வாங்கினாரு, அடுத்த வருஷமே காலமாயிட்டாரு. அண்ணன் சின்ன வயசுல அவர் வாசிச்சதைத் திருச்சியில நேர்ல கேட்டிருக்காராம். "ராகத்தைத் தட்டுல வச்சு நீட்டுற மாதிரி குடுப்பாரு, அவசரமே கிடையாது"ன்னாரு. அப்புறம் திருச்சிப் பக்கத்துக் குளத்தூர்ல 1826ல பிறந்த எங்க வேதநாயகம் பிள்ளையைப் பத்தி நான் ஆரம்பிச்சேன், மாயூரத்துல முன்சீப்பா இருந்துக்கிட்டே எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக் கீர்த்தனை எழுதினவருன்னு. "அது எங்க வீட்டுல பாடம்"னு சொல்லி, சீவாளி இல்லாம வாயாலயே ஒரு பல்லவி பாடிக் காட்டினாரு. கத்தோலிக்கரு எழுதினதுன்னு எனக்குத்தான் பெருமை, அவருக்கு அது நாயனத்துக்கு நல்லா உக்கார்ற சாகித்யம், அவ்வளவுதான்.

சாயங்காலம் பலகாரம். பால் பணியாரம், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரத்துக்குக் காரச் சட்னி, கவுனி அரிசி. முழுக்க சைவம், அதனால நான் ஒரு பிடி பிடிச்சேன். இனிப்பு ஒறுத்தல்ல வராதான்னு தபேலா அண்ணன் கேட்டாரு. வராதுன்னேன்.

ஏழு மணிக்கு ஆரம்பிச்சோம், பழைய பாட்டா. அறுபது முடிக்கிற அண்ணனோட ஆத்தா, எண்பது தாண்டினவங்க, தூணுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. யாரோ நான் திருச்சி வேதக்காரன்னு சொல்லிட்டாங்க போல. கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க. "தம்பி, நான் கான்வென்ட்ல எட்டாவது வரைக்கும் படிச்சேன், அப்ப சிஸ்டர் ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தாங்க, அதை வாசிக்கிறீகளா"ன்னு கேட்டுட்டு ரெண்டு வரி பாடினாங்க. கிறிஸ்துமஸ் பாட்டு. மாட்டுத் தொழுவம், நட்சத்திரம் எல்லாம் வருது. நான் தவக்காலத்து நடுவுல கிறிஸ்துமஸ் பாட்டு வாசிச்சது பிறந்ததுல இருந்து இல்ல, எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ, வாசிச்சேன். ஆச்சி ஒரு கட்டையில ஆரம்பிச்சு இன்னொரு கட்டைக்குப் போனாங்க, நான் பின்னாலயே ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கிட்டே போனேன். பாடி முடிச்சுட்டு "மூணாவது அடி மறந்து போச்சு, ஒங்களுக்குத் தெரியுமா"ன்னாங்க. எழுதித் தரச் சொன்னாங்க, கல்யாணப் பத்திரிகைக் கவர் பின்னாடி எழுதிக் குடுத்தேன். சிங்கப்பூர்ப் பேத்தி அதைப் போட்டோ எடுத்துக்கிச்சு.

ராத்திரி பத்தரைக்கு முடிஞ்சதும் பஸ் பிடிச்சா ரெண்டு மணிக்குத் திருச்சி, ஆறு மணிப் பூசைக்கு வாசிச்சுட்டு மத்தியானம் திரும்பிடலாம்னு பொண்டாட்டிக்கு போன் பண்ணினேன். "ஏங்க, தூக்கமில்லாம வந்து ரெண்டு பக்கமும் அரைகுறையா நிக்காதீங்க, அவ பாடிருவா"ன்னு வச்சுட்டா. அவ சொன்னா சொன்னதுதான்.

ஞாயிறு, காரைக்குடி, அப்புறம் தேவகோட்டை

காலையில செக்காலைக் கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். உள்ள போன உடனே கால் தானா பாடகர் குழு பக்கம் திரும்புது, இழுத்துட்டு வந்து பின் வரிசையில உக்காந்தேன். சாமியார் ரோஸ் கலர் உடுப்புல வந்தாரு. கீபோர்டு வாசிச்ச பொண்ணு நல்லா வாசிச்சுது, ரெண்டாவது பாட்டுல ஒரு மைனர் கார்டு போட்டுச்சு, நான் அங்க மேஜர்தான் போடுவேன், ஆனா அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. பிரசங்கத்தை முழுசாக் கேட்டேன். வாசிக்கிற நாள்ல பிரசங்க நேரத்துலதான் அடுத்த பாட்டுக்கு டோன் மாத்தி, பேஜ் எடுத்து வச்சு, பாடகர் குழுவுல யாருக்கு இருமல்னு பாத்துக்கிட்டு இருப்பேன். இப்ப கை ரெண்டும் மடியில கிடக்குது, என்ன பண்றதுன்னு தெரியல. பக்கத்துல ஒரு குட்டிப் பையன் நான் தொடையில தாளம் போடுறதைப் பாத்துக்கிட்டே இருந்தான். சமாதான வாழ்த்து சொல்றப்ப அவனைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டு சிரிச்சேன்.

வெளியே வந்தப்ப வீடியோ வந்திருந்துச்சு. ஆல்டர் பையன் தலை பாதி மறைக்குது, பாப்பா மைக்குக்கு எட்டாம ஒரு ஸ்டூல் மேல நிக்கிறா. காலேஜ் பையன் பீட்டு எதுவும் போடல, சும்மா கார்டு மட்டும் பிடிச்சான், அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரணும் ஈஸ்டர் முடிஞ்சு. ரெண்டாவது வரியில பிரிச்சுப் பாடினா. நாலாவது வரியில அவளா சுரத்தை வளைச்சு ஒரு சங்கதி போட்டா, யாரும் சொல்லிக் குடுக்காதது. அதை மட்டும் பஸ் ஸ்டாண்டுல நின்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். அது ஆனந்தபைரவி ராகம் மாதிரி வளையுது. நேத்து நாயனக்கார அண்ணன் நம்பர் வாங்கி வச்சிருந்தேன், அவருக்கு அனுப்பினேன். "நல்ல ஞானம். சினிமாவுக்கு விட்டுறாதீங்க"ன்னு பதில். சினிமாப் பாட்டு வாசிச்சுத்தான் அவளுக்கு ஃபீஸ் கட்டுறேன்னு திருப்பி அனுப்பல.

தேவகோட்டைப் பக்கத்து மேடை பத்தி எழுத ஒண்ணும் இல்ல. நல்ல கரெண்டு, நல்ல கூட்டம், முழுப் பேமெண்ட். அந்தப் பக்கம் ஓரியூர் கொஞ்சம் தூரத்துலதான், புனித அருளானந்தர் 1693ல தலை வெட்டுப்பட்ட இடம், செம்மண்ணு எடுத்துட்டு வருவாங்க. போகணும்னு நெனச்சேன், நேரம் இல்ல. அம்மா கேப்பாங்க.

திங்கள், வேன்ல

புதுக்கோட்டை தாண்டுறோம். எல்லாரும் தூங்குறாங்க. ஏஜெண்ட் அண்ணன் போன்.

பங்குனி உத்திரத்துக்கு டேட் கேக்குறாரு. இதை விவரமாச் சொல்லணும். பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டி, ஈஸ்டரும் மார்ச் 21லயோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமியை வச்சுக் கணக்குப் பண்ற ஞாயிறு. அதனால பல வருஷம் உத்திரம் நேரா எங்க பரிசுத்த வாரத்துலயே வந்து விழும். 2024ல உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. நிலா ஒண்ணுதான், கூப்பிடுறவங்க ரெண்டு பேரு.

"தம்பி, புதனும் வியாழனும், குன்றக்குடிப் பக்கம், ஒரே மேடை, ஒரே ரூம், வியாழனுக்கு டபுள்"ன்னாரு.

"அண்ணே, புதன் வர்றேன். வியாழன் முடியாது."

"கீபோர்டைத்தான் ஒங்க கோயில்ல வியாழக்கிழமை மூடிருவாங்களே, நீயே சொன்னியே. மூடின கீபோர்டுக்கு நீ எதுக்கு?"

"மூடுறதுக்கு முன்னாடி உன்னதங்களிலே இருக்குண்ணே. நாப்பது நாளா அதைப் பாடல. மணியெல்லாம் ஒண்ணா அடிக்கும்போது வாசிக்கணும்."

"ஒரு பாட்டுக்கா டபுள் பேமெண்ட்ட விடுறே?"

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல, பின்னாடி யாரோ தவில் நாடாவை இறுக்குற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "சரி, புதன் மட்டும் போட்டுக்கிறேன். ஆனா ஒரு நாளுக்குன்னா பேட்டா கிடையாது, பஸ் சார்ஜ் உன்னுது"ன்னாரு.

பேட்டா இல்லாம எப்படிண்ணே வர்றது, கீபோர்டு, ஸ்டாண்டு, யூபிஎஸ் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு பஸ்லயா ஏறுவாங்கன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்காரு. ஐந்நூறுக்கு வருவாரு, நான் எழுநூறுல நிக்கிறேன்.